குடோனில் சரக்கு இருக்கிறது: செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கும், மாலை விவாதங்களை நடத்தும் நெறியாளர்களுக்கும், மதுரை வில்லாபுரத்திலிருந்து வணக்கம்.

நான் 1978-இல் கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுத உட்கார்ந்தேன். 2022 கடைசியில்தான் எழுந்தேன். சிட்டையும் பேரேடுமாக ஆரம்பித்து, கடைசி பன்னிரண்டு வருடம் கம்ப்யூட்டரில் டேலி. போர், வெளியுறவு பற்றியெல்லாம் பேச இவன் யார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் போர் வரப்போகிறது என்ற பேச்சு ஒரு கடைத்தெருவை என்ன பாடு படுத்தும் என்பதை நான் கல்லாவுக்கு அடுத்த நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் அதிபர் சதாம் உசேனின் படை குவைத்துக்குள் போனது. நான்கைந்து நாளில் எங்கள் வீதியில் கடலை எண்ணெய் டின் விலை ஏறத் தொடங்கியது. கடலை விளைவது நம் பக்கத்து மானாவாரிக் காட்டில். ஆட்டுவது விருதுநகரில். லாரியில் ஏற்றினால் ஒரு மணி நேரத்தில் மதுரை. இதில் குவைத் எங்கே வந்தது? டீசல் கிடைக்காது, லாரி ஓடாது என்று ஒரு பேச்சு. பாமாயில் கப்பல் வராது, எல்லாரும் கடலை எண்ணெய்க்குத் திரும்புவார்கள் என்று இன்னொரு பேச்சு. யார் கிளப்பியது என்று கேட்டால் எல்லாரும் அடுத்த கடையைக் கைகாட்டினார்கள்.

ஒரு நாள் காலை முதலாளி கூப்பிட்டார். வாசலில் மாட்டுகிற சிலேட்டுப் பலகையைக் கையில் கொடுத்து, "எழுதுப்பா, எண்ணெய் சரக்கு இல்லைன்னு" என்றார்.

"குடோன்ல 400 டின் இருக்கே முதலாளி."

"இருக்கு. நாளைக்கும் இருக்கும்."

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அந்த வேலை எப்போதும் எனக்குத்தான். எழுதினேன். செல்லூரிலிருந்தும் ஆரப்பாளையத்திலிருந்தும் சைக்கிளில் வரும் சில்லறைக் கடைக்காரர்கள் பலகையைப் பார்த்து நின்றார்கள். மூன்று நாள் அது தொங்கியது. நான்காம் நாள் நானே அழித்துவிட்டு 'சரக்கு வந்துவிட்டது' என்று எழுதினேன். டின்னுக்கு 35 ரூபாய் கூடுதல். ஒருத்தரும் சண்டை போடவில்லை. கிடைத்ததே என்று நன்றி சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். விலை ஏற்றியவனுக்கு நன்றி சொல்ல வைக்கிற சாமர்த்தியம் பயத்துக்கு மட்டும்தான் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கீழமாசி வீதியில் நடந்ததுதான் பெரிய மண்டியிலும் நடந்தது. 1990 ஜூலையில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 17, 18 டாலர். அக்டோபரில் 40 டாலரைத் தாண்டியது. அமெரிக்கா அதுவரை ஒரு குண்டுகூடப் போட்டிருக்கவில்லை. ஈராக், குவைத் எண்ணெய் சந்தைக்கு வராமல் போனது உண்மை. சவுதி அரேபியா அதிகமாக எடுத்து அந்தக் குறையைப் பெருமளவு நிரப்பியதும் உண்மை. 1991 ஜனவரி 17-ஆம் தேதி பாக்தாத்தில் குண்டு விழுந்தது. அன்றைக்கே எண்ணெய் விலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. ஏறவில்லை, சரிந்தது! 2003-இலும் கிட்டத்தட்ட இதே கதை. மார்ச் 20-இல் ஈராக் மீது படையெடுப்பு. அதற்கு முந்தைய வாரங்களில் 37, 38 டாலர் வரை போன விலை, படை உள்ளே நுழைந்த வாரத்தில் 30-க்குக் கீழே வந்துவிட்டது.

எங்கள் முதலாளி இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். "மழை வரப்போகுதுன்னு சொல்றப்பதான்ப்பா குடைக்கு விலை. பெஞ்சு நனைஞ்சவன் எதுக்குக் குடை வாங்கப்போறான்?" அவர் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர்.

நான் உங்களிடம் பேச வந்த விஷயம் அந்த 'வரப்போகுது' என்ற சில வாரங்களைப் பற்றித்தான். போர் நடக்கும்போது சம்பாதிப்பவர்கள் தனி. அவர்களுக்கு முன்பே, போர் வருமா வராதா என்று நாமெல்லாம் டீக்கடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒரு கூட்டம் கணக்கை முடித்துவிடுகிறது. அந்தக் கூட்டத்துக்கு வேண்டிய சரக்கு எண்ணெயைவிட முக்கியமாக நம் அபிப்பிராயம். அது உங்கள் ஸ்டூடியோ வழியாகத்தான் வீடுகளுக்கு வருகிறது.

மிகையாகச் சொல்வதாக நினைக்காதீர்கள். அதே 1990-இல், அக்டோபர் 10-ஆம் தேதி, வாஷிங்டனில் அமெரிக்க எம்.பி.க்கள் சிலர் கூடிய ஒரு கூட்டத்தில் 15 வயதுப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே பேசினாள். பெயர் நய்யிரா என்று மட்டும் சொன்னார்கள். குவைத் ஆஸ்பத்திரியில் ஈராக் சிப்பாய்கள் இன்குபேட்டரில் இருந்த குழந்தைகளை வெளியே எடுத்துத் தரையில் போட்டுச் சாகவிட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்றாள். கேட்டவர் யாருக்கு வயிறு எரியாது? அமெரிக்க ஜனாதிபதி அதைத் திரும்பத் திரும்ப மேடையில் சொன்னார். செனட்டர்கள் சொன்னார்கள். 1991 ஜனவரி 12-ஆம் தேதி செனட்டில் போருக்கு அனுமதி 52-க்கு 47 என்று தப்பிப் பிழைத்து நிறைவேறியது. ஒரு வருடம் கழித்து, 1992 ஜனவரியில்தான் தெரிந்தது, அந்தப் பெண் அமெரிக்காவில் இருந்த குவைத் தூதரின் மகள் என்று. அவளைப் பேச வைக்க ஏற்பாடு செய்தது ஹில் அண்ட் நோல்டன் என்ற விளம்பரத் தொடர்புக் கம்பெனி. குவைத் அரசின் பணத்தில் இயங்கிய ஓர் அமைப்பு அந்தக் கம்பெனிக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்திருந்தது. இன்குபேட்டர் கதைக்குச் சாட்சி தேடிப்போன மனித உரிமை அமைப்புகளுக்கு நம்பும்படியாக ஒன்றும் அகப்படவில்லை.

குவைத்தை சதாம் விழுங்கியது அநியாயம்தான். அதை எதிர்க்க ஆயிரம் உண்மையான காரணம் இருந்தது. அங்கே நம் ஆட்களே எத்தனை பேர் மாட்டிக்கொண்டார்கள். ஏறக்குறைய 1,70,000 இந்தியர்களை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். உண்மையான காரணம் அவ்வளவு இருக்கும்போது பொய்யான காரணம் ஒன்றை விலை கொடுத்து வாங்குவானேன்? உண்மை மெதுவாகத்தான் விற்கும், அதனால்தான்.

2003 இன்னும் மோசம். ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்றார்கள். சதாமுக்கும் நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கும் தொடர்பு இருப்பதுபோலவே பேசினார்கள். போர் தொடங்கிய சில நாளில் கேலப் என்ற நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் 72 சதவீதம் போருக்கு ஆதரவு. அதே ஆண்டு வாஷிங்டன் போஸ்ட் எடுத்த கணிப்பில், அந்தத் தாக்குதலில் சதாமுக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்று நம்பியவர்கள் 69 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆயுதத்தைத் தேடி அனுப்பப்பட்ட குழு 2004-இல், அப்படி ஒரு கையிருப்பு இல்லை என்று அறிக்கை கொடுத்தது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அந்த மே மாதமே தன் செய்திகள் சரியாகச் சோதிக்கப்படவில்லை என்று ஆசிரியர் குறிப்பு எழுதியது. எங்கள் கடையில் இதை 'ஸ்டாக் டேலி ஆகவில்லை' என்போம். ஆகாவிட்டால் கணக்குப்பிள்ளை ராத்திரி வீட்டுக்குப் போக முடியாது. அங்கே எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன்.

2025 ஏப்ரல் 22-ஆம் தேதி காஷ்மீரின் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக்கொன்றார்கள். மே 7 அதிகாலை நம் படைகள் பாகிஸ்தானுக்குப் பதிலடி கொடுத்தன. அதைச் செய்தது சரியா தப்பா என்பதல்ல என் வழக்கு. அதைப் பேசத் தெரிந்தவர்கள் வேறு இருக்கிறார்கள். நான் பேசுவது மே 8-ஆம் தேதி ராத்திரியைப் பற்றி.

மதுரைக்காரர்களுக்கு அந்த நாள் மறக்காது. மே 7 மாலை மாசி வீதியில் மீனாட்சியின் திக்குவிஜயம். எட்டுத் திக்கையும் போரிட்டு வென்றுவந்தவள், கடைசியில் சுந்தரேசுவரரைப் பார்த்ததும் வில்லைக் கீழே போடுகிற அன்றைக்கே எல்லையில் சண்டை. மறுநாள் காலை திருக்கல்யாணம். அம்மனுக்குத் தாலி ஏறும் நேரத்தில் ஊரே தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணும் மாற்றிக்கொண்டாள். அவள் கணவர் ராணுவத்தில் ஹவில்தார், ஜம்மு பக்கம். உசிலம்பட்டிக்கார மாப்பிள்ளை. அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்தில் இருப்பது சாதாரணம்.

அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஜம்முவில் டிரோன், விளக்கெல்லாம் அணைப்பு என்று செய்தி வந்தது. அது உண்மை. அதற்கப்புறம் வந்ததுதான் பெரிய கூத்து. கராச்சி துறைமுகம் எரிகிறது என்றார்கள். இஸ்லாமாபாத்துக்குள் நம் படை போய்விட்டது என்றார்கள். இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஓடியதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த தமிழ்ச் சேனலும் சிவப்புப் பட்டையில் போட்டது. பின்னணியில் விமானத் தாக்குதல் சைரன். அந்தப் பெண் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"பெரியப்பா, கராச்சியப் பிடிச்சாச்சாம். அப்ப இவரு இப்ப எங்க இருப்பாரு?"

நான் என்ன சொல்வேன்? போன் எடுக்கவில்லை. சைரன் சத்தம் கேட்டு அவள் பிள்ளை, நாலு வயசு, நம் தெருவில்தான் குண்டு விழப்போகிறது என்று நினைத்துக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். விடிய விடிய என் மனைவி அவர்களோடு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் மதியம்தான் அவர் பேசினார். கராச்சியும் எரியவில்லை, இஸ்லாமாபாத்துக்குள் யாரும் போகவும் இல்லை. மே 10-ஆம் தேதி மத்திய உள்துறையின் சிவில் பாதுகாப்புப் பிரிவே, சைரன் சத்தத்தை நிகழ்ச்சிகளில் போடாதீர்கள் என்று சேனல்களுக்கு அறிவுரை சொல்ல வேண்டி வந்தது. அன்று மாலையே சண்டை நிறுத்தம். 12-ஆம் தேதி அழகர் ஆற்றில் இறங்கினார், நாங்களும் போய்வந்தோம். நாங்கள் பார்த்த சேனல் அந்தச் செய்தி தப்பு என்று சொன்னதை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுக்க உங்கள் விவாதங்களைப் பார்த்தேன், வேறு வேலை ஓடவில்லை. நாலு பெட்டியில் நாலு முகம். கட்சிக்காரர் என்றால் கீழே கட்சி பெயர் இருந்தது. மற்றவர்களுக்கு 'பாதுகாப்பு நிபுணர்' என்று ஒரே பட்டம். யார் வீட்டு நிபுணர்? எந்தக் கம்பெனிக்கு ஆலோசகர்? டிரோன் விற்கிற இடத்தில் சம்பளம் வாங்குகிறாரா, இல்லை, பென்ஷன் வாங்கிக்கொண்டு பேரப்பிள்ளையோடு இருக்கிறாரா? எதுவும் தெரியவில்லை. ஒரு சேனலில் விவாதம் முடிந்த அரை மணி நேரத்தில் வர்த்தக நிகழ்ச்சி வந்தது. பாதுகாப்புத் துறைப் பங்குகள் ஏறுகின்றன, எதை வாங்கலாம் என்று. முன்னதில் போட்ட அதே போர் விமானப் படம்தான் பின்னதிலும்.

அங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. பங்கைப் பற்றிப் பேச வந்த அந்த ஆள், தனக்கு அந்தப் பங்கில் முதலீடு உண்டா இல்லையா என்று சொன்னார். அவர் பெருந்தன்மையால் சொல்லவில்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, ஆய்வாளர்களுக்குப் போட்ட 2014-ஆம் வருட விதி அது. ஒரு கம்பெனிப் பங்கை 'வாங்கலாம்' என்று சொல்பவர் தன் ஆதாயத்தை வெளியில் சொல்லியாக வேண்டும். 'போருக்குப் போகலாம்' என்று சொல்பவருக்கு அப்படி ஒரு விதியும் இல்லை. நூறு ரூபாய்ப் பங்குக்கு உள்ள பாதுகாப்பு அந்த ஹவில்தாருக்குக் கிடையாது.

இதில் நான் புதிதாக ஒன்றையும் கண்டுபிடித்துவிடவில்லை. 2008 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதைத் துருவி எடுத்து எழுதியது. ஈராக் போர் சமயத்தில் அமெரிக்கச் சேனல்களில் நிபுணராக உட்கார்ந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் தனியே கூப்பிட்டு விளக்கம் கொடுத்திருக்கிறது, ஈராக்குக்கும் கூட்டிப்போயிருக்கிறது. அவர்களில் பலர் ராணுவத்துக்குச் சரக்கு விற்கும் கம்பெனிகளில் ஆலோசகர்கள், இயக்குநர்கள். பார்த்துக்கொண்டிருந்த ஜனங்களுக்கு அது சொல்லப்படவில்லை. சில சேனல்களுக்கே தெரிந்திருக்கவில்லை. மறுவருடம் அந்தச் செய்திக்குப் புலிட்சர் பரிசு கொடுத்தார்கள். நம் ஊரிலும் அப்படித்தான் நடக்கிறது என்று நான் குற்றம் சொல்லவில்லை, என்னிடம் வவுச்சர் இல்லை. வவுச்சரைக் காட்டுங்கள் என்று கேட்கிறேன், அவ்வளவுதான்.

ஆயுதத் தொழிற்சாலையே கூடாது என்கிற ஆளும் நான் இல்லை. தமிழ்நாட்டுக்குப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் கொடுத்தபோது சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று ஐந்து ஊர் சேர்த்தார்கள். மதுரை இல்லை. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. என் பேரன் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஓசூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான்.

இந்த இடத்தில் எங்கள் டீக்கடை நண்பர் ஒருவரையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். உங்கள் விவாதத்தை அவர் நம்ப மாட்டார். அவருக்கு எல்லாப் போரும் எண்ணெய்க்காக. "அமெரிக்காக்காரன் ஈராக் எண்ணெயை அள்ளிட்டுப் போயிட்டான்" என்று முடித்துவிடுவார். இதுவும் சோம்பேறிக் கணக்குதான். 2002 செப்டம்பரில் ஜனாதிபதி புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, போருக்கு 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்றார். டிசம்பரில் அவர் பதவி போய்விட்டது. கணக்கைச் சொன்னது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் 5,000 கோடிக்குள் முடியும் என்றார். ஈராக் தன் எண்ணெய்ப் பணத்திலேயே தன்னைச் சீக்கிரம் கட்டிக்கொள்ளும் என்று அவருடைய துணை அமைச்சர் வுல்ஃபோவிட்ஸ் நாடாளுமன்றக் குழுவில் சொன்னார். கடைசியில் நேரடிச் செலவு மட்டும் 80,000 கோடி டாலர் பக்கம் போனது. அவ்வளவு செலவழித்துப் பிடித்த நாட்டில் 2009-இல் எண்ணெய் வயல்களை ஏலம் விட்டபோது, முதல் சுற்றில் போன பெரிய வயலான ருமைலாவை எடுத்தது பிரிட்டனின் பி.பி.யும் சீன அரசு எண்ணெய்க் கம்பெனியும். ஆக, அமெரிக்கா என்ற கடைக்கு இது நஷ்ட வியாபாரம்.

அப்படியானால் பணம் காரணமே இல்லையா? கணக்கு எழுதியவனுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். செலவும் வரவும் ஒரே பேரேட்டில்தானா இருக்கின்றன? 80,000 கோடி டாலர் அமெரிக்க வரி கட்டுபவன் பற்று. ஈராக் எண்ணெய்க் கிணறுகளைச் சீர்செய்யும் வேலை டெண்டர் இல்லாமலே அமெரிக்கக் கம்பெனியான ஹாலிபர்ட்டனின் கிளை கே.பி.ஆருக்குப் போனது. துணை ஜனாதிபதி டிக் செனி 1995-இலிருந்து 2000 வரை தலைவராக இருந்த அதே ஹாலிபர்ட்டன்தான். அது இன்னொரு பேரேட்டின் வரவு. நாட்டுக்கு லாபமா நஷ்டமா என்று டீக்கடை நண்பர் கேட்கிறார். எங்கள் கடையில் நஷ்டம் வந்த வருடங்களில்கூடத் தரகர்களுக்குக் கமிஷன் போயிருக்கிறது. அவர்கள் டின்னுக்கு இத்தனை என்று வாங்குபவர்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் கை மாறினால் போதும். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று பழமொழி சொல்வார்கள். பாவம், கூத்தாடியை ஏன் இழுக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவன் விடிய விடிய ஆடித்தான் காசு வாங்குகிறான்.

விலை தெரிந்தால் ஜனங்கள் வேறு மாதிரி யோசிப்பார்கள் என்பதற்கும் அதே 2003-இலேயே உதாரணம் இருக்கிறது. துருக்கி வழியாக 62,000 சிப்பாய்களை அனுப்ப அமெரிக்கா கேட்டது. பதிலுக்கு 600 கோடி டாலர் உதவி, அதற்கு மேல் கடன். துருக்கி அப்போதுதான் பெரிய பண நெருக்கடியிலிருந்து எழுந்துகொண்டிருந்த நாடு. தொகை இவ்வளவு, வேலை இன்னது என்று பேரம் முழுக்கப் பத்திரிகையில் வந்தது. தெருவில் ஜனங்கள் வேண்டாம் என்று நின்றார்கள். 2003 மார்ச் 1-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. வந்திருந்தவர்களில் பாதியைத் தாண்டவில்லை என்று தீர்மானம் தோற்றது. ஸ்பெயினில் பத்தில் ஒன்பது பேர் எதிர்த்தும் அவர்கள் அரசு போருக்குத்தான் நின்றது, அதையும் மறைக்கக் கூடாது.

நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். போர் முடிந்தது என்று சொன்ன பிறகு, ஈராக்கில் காவல் காக்க ஒரு டிவிஷன் இந்தியப் படையை அனுப்பும்படி அமெரிக்கா கேட்டது. அனுப்பினால் மறுகட்டுமான ஒப்பந்தங்கள் கிடைக்கும் என்று சிலர் ஆசை காட்டினார்கள். இரண்டு மாதம் நாடே விவாதித்தது. ஐ.நா. ஆணை இல்லாமல் முடியாது என்று வாஜ்பாய் அரசு 2003 ஜூலை 14-ஆம் தேதி சொல்லிவிட்டது. இன்றைய வேகத்தில் அந்த இரண்டு மாதத்தை நீங்கள் ஒரு ராத்திரியில் முடித்திருப்பீர்கள், கியூ.ஆர். கோடு போட்டு 'அனுப்பலாமா? ஆம், இல்லை' என்று ஒரு வாக்கெடுப்போடு.

அந்த வாக்கெடுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. போர் தொடுக்கலாமா என்று கேட்டு 'ஆம்' 90-க்கு மேல் என்று காட்டுகிறீர்கள். என் வீட்டிலேயே மூன்று போனில் மூன்று முறை அழுத்தினார்கள். அதில் ஒன்று என் பேத்தி, ஆறாம் வகுப்பு. விலை போடாமல் 'வேண்டுமா' என்று கேட்டால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? இனி கேட்பதென்றால், டீசல் இவ்வளவு ஏறலாம், இவ்வளவு நாள் நீளலாம், போகப்போவது இந்த ஊர்ப் பிள்ளைகள் என்பதையும் அந்தத் திரையிலேயே போட்டுவிட்டுக் கேளுங்கள். தெரியாது என்றால் தெரியாது என்று போடுங்கள்.

போரின் விலை எங்கே வந்து விழும் என்பது எங்கள் வீதியில் நன்றாகத் தெரியும். 2022 பிப்ரவரி 24-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் போனது. நாம் இறக்குமதி செய்யும் சூரியகாந்தி எண்ணெயில் சுமார் 70 சதவீதம் உக்ரைனிலிருந்து வந்துகொண்டிருந்தது, மீதியில் பெரும்பங்கு ரஷ்யாவிலிருந்து. காலையில் சொன்ன விலை மதியம் இல்லை. பாமாயிலுக்கு மாறலாம் என்றால், ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா ஏற்றுமதியை மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்திவிட்டது. சிம்மக்கல்லில் வடை போடும் ஓர் அம்மா எங்களிடம்தான் டின் எடுப்பார். வடை விலையை ஏற்றினால் லோடுமேன்கள் வாங்க மாட்டார்கள் என்று வடையைச் சின்னதாக்கினார். அந்தத் தடவை பலகையில் பொய் எழுத நான் மறுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை என்னவென்றால் பலகையே அப்போது இல்லை. வாட்ஸப் குரூப்பில் முதலாளியின் மகனே போட்டுவிட்டான்.

2025 மே மாதம் பாகிஸ்தானிலிருந்து வரும் எல்லாச் சரக்கையும் தடை செய்தபோது நாட்டு மருந்துக் கடைகளில் இந்துப்புக்கு அலைந்தார்கள். பெயரில் இந்து இருக்கிற அந்த உப்பு பெரும்பாலும் பாகிஸ்தான் பஞ்சாபின் கேவ்ரா சுரங்கத்து உப்பு. பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும். இதையெல்லாம் ஒரு மாலை விவாதமாக நடத்துங்களேன். கீழமாசி வீதியிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டால் உங்கள் நிபுணர்களைவிட நன்றாகப் பேசுவார்கள். வெளிச்சத்துக்கும் மேக்கப்புக்கும் பயப்படுவார்கள், அது ஒன்றுதான்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. போர் பற்றிப் பேச வருகிறவர் பெயருக்குக் கீழே, பாதுகாப்புத் துறைக் கம்பெனி எதிலாவது அவருக்குச் சம்பளம், ஆலோசனைக் கட்டணம், பங்கு உண்டா இல்லையா என்று ஒரு வரி போடுங்கள். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஒரு சேனல் ஆரம்பித்தால் மற்றவர்களுக்கு வெட்கம் வரும். பொய்ச் செய்தி போட்டுவிட்டால், போட்ட அதே சிவப்புப் பட்டையில், அதே பெரிய எழுத்தில், அதே ராத்திரி ஒன்பது மணிக்குத் தப்பு என்று போடுங்கள். காலை ஆறு மணிக்கு ராசி பலனுக்கு முன்னால் அல்ல. சேனலின் சொந்தக்காரருக்கே ஆயுதத் தொழிலில் கை இருந்தால் அதையும் சொல்லுங்கள் என்று எழுத நினைத்தேன். அது உங்கள் கையில் இல்லை என்று எனக்கும் தெரியும். நானும் சம்பளம் வாங்கிக்கொண்டு பலகை எழுதியவன்தான்.

பக்கத்து வீட்டு மாப்பிள்ளை புரட்டாசியில் லீவில் வந்தார். இளைத்திருந்தார். அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்டேன். கராச்சி எரிகிறது என்று இங்கே ஊரே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே என்ன நடந்தது என்று.

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாது பெரியப்பா" என்றார். "விளக்கெல்லாம் அணைச்சாச்சு. டிவி எங்க பாக்குறது? இருட்டுல உக்காந்திருந்தோம்."

இப்படிக்கு,
கீழமாசி வீதியின் முன்னாள் கணக்குப்பிள்ளை ஒருவன்,
வில்லாபுரம், மதுரை.